தலைவர் தன் குறையைச் சொல்லலாமா?

சென்னைக்கு மேற்கே, பாடியைத் தாண்டி அம்பத்தூருக்குப் போகும் பெரிய சாலையில் இருக்கிறது மண்ணூர்பேட்டை. ஒரு பக்கம் பாடித் தொழிற்சாலைகள். மறுபக்கம் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. ஒரு காலத்தில் சைக்கிளும் டயரும் செய்தவர்கள் ஷிப்டுக்கு ஷிப்டு கூட்டம் கூட்டமாக நடந்த சாலை இது. இன்று கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிறவர்களும், ஒப்பந்தக் கூலிக்கு லேத்தில் நிற்பவர்களும் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். 2011-ம் ஆண்டு அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அது முதல் மண்ணூர்பேட்டையும் மாநகரந்தான்.

தேர்தல் காலம் வந்துவிட்டால் இந்தச் சாலையின் சுவர்கள் பேசத் தொடங்கிவிடும். ஒருவர் ஏழைத் தாயின் மகன். இன்னொருவர் தெரு விளக்கில் படித்தவர். மற்றொருவர் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவர். "கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்" என்ற சொல்லைப்போல் ஓட்டு வாங்கித் தரும் சொல் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

சுவரைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நிற்கிறவரின் சங்கதி வேறு. அவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கும். காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் இரவு ஷிப்டு போய்விடும் என்று மறைப்பார். வலிப்பு இருந்தால் மாத்திரையை டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒளித்து வைப்பார். மனம் சோர்ந்து தூக்கம் வராமல் கிடந்தால் அதை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார். கந்து வட்டிக் கடனும் அப்படித்தான்.

கஷ்டம் இருக்கும்வரை அதை மறைக்க வேண்டும். ஜெயித்த பிறகு அதைச் சொல்லிக்கொள்ளலாம். இதுதான் சுவர் சொல்லித் தரும் பாடம். தொழிலாளியும் அதைத்தான் படித்துக்கொள்கிறார். ஆனால் அவர் ஜெயிக்கும் நாள் வருவதில்லை. ஆகவே கடைசிவரை மறைத்துக்கொண்டே இருக்கிறார்.

தலைவர்கள் தங்கள் சொந்தத் துன்பத்தை வெளியில் சொல்லலாமா, கூடாதா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்து பார்ப்பது நல்லது. மேடையிலிருந்து பார்த்தால் அது தலைவரின் கௌரவத்தைப் பற்றிய கேள்வியாகத் தோன்றும். பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் அப்படி அல்ல.

பிறர் தந்த காயம்

தமிழ்நாட்டு அரசியலில் துன்பத்தைக் காட்டுவது புதிய விஷயம் அல்ல. 1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் குண்டு பாய்ந்தது. அப்போது அவர் பரங்கிமலைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர். கழுத்தில் கட்டுப் போட்ட அவருடைய படம் தமிழ்நாடெங்கும் சுவரொட்டியாக வந்தது. அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்தார். அவருடைய கட்சியும் ஆட்சியைப் பிடித்தது.

ஆனால் அது பிறர் தந்த காயம். பிறர் தந்த காயத்தைக் காட்டினால் இரக்கம் வரும், கோபம் வரும், மரியாதை கூடும். குறையாது. ஏழ்மையும் அப்படியே. ஏழையாகப் பிறந்தது யாருடைய குற்றமும் அல்ல. அதைச் சொல்வதால் தலைவருக்கு நஷ்டம் எதுவும் கிடையாது.

உடம்புக்குள் வரும் நோய் வேறு. மனத்துக்குள் வரும் சோர்வு வேறு. தானே செய்த தவறு, தானே தேடிக்கொண்ட பழக்கம், தன் பிறப்பைப் பற்றி ஊர் பேசும் இழிசொல் – இவற்றைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற பயம் உண்டு. அந்தப் பயம் நியாயமானதுதான். எதிராளி அதை எடுத்து அடிப்பான். ஆகவே இங்கேதான் சோதனை இருக்கிறது. சொல்வதால் எதையாவது இழக்க நேரும்போதும் ஒருவர் சொல்கிறாரா? அதுதான் கேள்வி.

ஒரே பருவத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகள்

2016-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, முதல்-அமைச்சர் ஜெயலலிதா சென்னை அப்பல்லோ ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், உடம்பில் நீர்ச்சத்துக் குறைவு என்று முதலில் அறிவிப்பு வந்தது. பிறகு வேறு வேறு அறிக்கைகள் வந்தன. அவர் முகத்தை மக்கள் பார்க்கவில்லை. குரலைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பால்குடமும் பிரார்த்தனையுமாக ஜனங்கள் நின்றார்கள். 75 நாள் கழித்து, டிசம்பர் 5-ந் தேதி அவர் காலமானதாக அறிவிக்கப்பட்டது. என்ன நடந்தது என்று விசாரிக்க 2017-ல் நீதிபதி ஆறுமுகசாமி கமிஷன் அமைந்தது. அது அறிக்கை கொடுக்க 2022 ஆகஸ்டு ஆயிற்று. முதல்-அமைச்சர் என்ன நோயில் படுத்தார் என்று அறிய ஒரு மாநிலம் ஐந்து வருஷம் கமிஷன் வைத்துத் தேடியது!

அதே பருவத்தில், 2016 நவம்பர் 16-ந் தேதி, டெல்லியிலிருந்து ஒரு செய்தி வந்தது. வெளிநாட்டு மந்திரி சுஷ்மா சுவராஜ் தம்முடைய ட்விட்டர் பக்கத்தில் தாமே எழுதினார். சிறுநீரகம் பழுதாகிவிட்டது, எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், டயாலிசிஸ் நடக்கிறது என்று நாலு வரியில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வதந்திக்கு வேலை இல்லை. நாட்டின் பல மூலைகளிலிருந்து, முன்பின் அறியாதவர்கள் தங்கள் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார்கள். முஸ்லிம் ஒருவரும் முன்வந்தார். சிறுநீரகத்துக்கு மதமுத்திரை கிடையாது என்று சுஷ்மா பதில் எழுதினார். டிசம்பர் 10-ந் தேதி மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. அதன் பிறகு 2019 மே வரை அவர் மந்திரி வேலையைப் பார்த்தார். அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் மாரடைப்பால் இறந்தார்.

இரண்டு பேரும் பெண்கள். இரண்டு பேரும் ஆண்கள் நிறைந்த அரசியலில் தனித்து நின்றவர்கள். ஜெயலலிதா மறைத்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. படுத்த பிறகு மறைப்பதும் சொல்வதும் அவர் கையில் இருந்ததா என்பதே தெளிவில்லை. அவரைக் குறை சொல்லுமுன் இன்னொன்றும் நினைக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பெண் தலைவர் "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னால், அடுத்த நாள் எதிர்க்கட்சி மேடையில் அது என்னவாக மாறும்? பேச்சாளர்கள் அதை எப்படியெல்லாம் நீட்டுவார்கள்? மறைக்கும் பழக்கத்தைத் தலைவர்கள் மட்டும் உண்டாக்கவில்லை. கைதட்டிச் சிரித்த கூட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு.

துள்ளத்தில் பிறந்தவர்

சொன்னவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. மண்ணூர்பேட்டைத் தொழிலாளர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பெயர் ஒன்று உண்டு. கிண்டித் தொழிற்பேட்டைக்கு அந்தப் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அதுதான் திரு.வி.க. தொழிற்பேட்டை. தினமும் அந்தப் பெயரைச் சொல்லிப் பஸ் ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்பது வேறு விஷயம்.

திரு.வி. கலியாணசுந்தரனார் 1883 ஆகஸ்டு 26-ந் தேதி பிறந்தார். ஊர் துள்ளம். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர் அது. இன்று அதைத் தண்டலம் என்கிறார்கள். ஆக, சென்னையின் இந்தப் புறநகர்ப் பக்கத்துக்கு அவர் அந்நியர் அல்லர்.

அவர் தம் வாழ்க்கையை 1944-ல் புத்தகமாக வெளியிட்டார். "வாழ்க்கைக் குறிப்புக்கள்" என்று பெயர். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தமிழ்நாட்டின் பெரிய பேச்சாளர், "தேசபக்தன்", "நவசக்தி" ஆசிரியர், தொழிலாளர் தலைவர் என்று பேர் பெற்றிருந்தார். இப்படிப்பட்டவர் சுயசரிதை எழுதினால் என்ன எதிர்பார்ப்போம்? மாலைகளும் மாநாடுகளும் வரும் என்று எதிர்பார்ப்போம். மாநாடுகள் வருகின்றன. ஆனால் அவற்றோடு வேறு சங்கதிகளும் வருகின்றன.

சிறுவனாக இருந்தபோது கை கால்கள் முடங்கிப் போயின. 1894-ல் வெஸ்லி பள்ளியில் சேர்ந்தவரின் படிப்பு அந்த ஆண்டே நின்றது. மறுபடி பள்ளிக்குப் போக நான்கு ஆண்டுகள் ஆயின. மற்ற பிள்ளைகள் வகுப்பேறிப் போக, தாம் வீட்டில் கிடந்ததை அவர் மறைக்கவில்லை.

பிறகு நன்றாகப் படித்தார். தமிழாசிரியர் கதிரைவேற்பிள்ளையிடம் உயிராக இருந்தார். இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பா என்று சொல்லலாமா, கூடாதா என்ற பெரும் பூசலில் கதிரைவேற்பிள்ளை எதிர்ப்பக்கம் நின்றவர். விஷயம் நீதிமன்றம் வரை போயிற்று. ஆசிரியருக்குச் சாட்சி சொல்ல மாணவரும் போனார். பள்ளி இறுதிப் பரீட்சை அதே நாளில் வந்தது. பரீட்சை போயிற்று. அதோடு பள்ளிப் படிப்பும் போயிற்று. தமிழ் மேடைக்கே புது நடை தந்தவர் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதாதவர்!

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பின்னாளில் திரு.வி.க. சமரச சன்மார்க்கத்தைப் பேசினார். இராமலிங்க சுவாமிகளைப் போற்றித் தனி நூலே எழுதினார். ஆக, எந்தப் பக்கத்துக்காகப் பரீட்சையை விட்டாரோ, அந்தப் பக்கத்திலிருந்தே அவர் மனம் மாறிவிட்டது. வேறொரு தலைவராக இருந்தால் பழைய கட்சியைப் பற்றி மூச்சு விட்டிருக்க மாட்டார். இவர் இளமையின் வெறியையும் எழுதினார், ஆசிரியர்மேல் இருந்த அன்பையும் எழுதினார். ஆசிரியரைக் கைவிடவும் இல்லை, தம் பழைய கருத்தைத் தாங்கிப் பிடிக்கவும் இல்லை. இது எளிதில் வருகிற காரியம் அல்ல.

1918

அவர் வாழ்வில் 1918-ம் ஆண்டு தனியாகப் பார்க்க வேண்டியது.

அதற்குமுன் அவர் வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியர். 1917 டிசம்பரில் அந்த வேலையை விட்டுவிட்டு "தேசபக்தன்" ஆசிரியரானார். அந்த நாளில் பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி ஆலைகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரந்தான். ஓடிப் போய் உண்டுவிட்டு ஓடி வரவேண்டும். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இருவர் இந்தக் குறையை வெளியே கொண்டுவந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். தொழிற்சங்கச் சட்டம் வந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்து, 1926-ல்தான்.

சங்கம் பிறந்த அதே ஆண்டு செப்டம்பர் மாதம் அவருடைய மனைவி கமலாம்பிகை இறந்துபோனார். மணம் நடந்தது 1912-ல். ஆறு ஆண்டு இல்லறம். பிறந்த இரு குழந்தைகளும் முன்பே இறந்துவிட்டன. திரு.வி.க.வுக்கு அப்போது வயது 35. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

தொழிலாளர் கூட்டத்தில் முழங்கிய மனிதர் இரவில் திரும்பிய வீடு இதுதான். அந்த வீட்டை அவர் வாசகருக்குத் திறந்து காட்டினார். மனைவிக்குத் தமிழ் கற்பித்ததையும், அவரிடம் தாம் கற்றதையும், இழந்த பிறகு இருந்த நிலையையும் எழுதினார். "ஆண்பிள்ளை மனைவிக்காக அழுவதா?" என்று கேட்கும் ஊரில் எழுதினார். 1927-ல் வந்த "பெண்ணின் பெருமை" என்ற நூலையும் இந்த வாழ்க்கையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் சூடு தெரியும். பெண்ணுரிமை பேசிய புத்தகங்கள் பல உண்டு. ஆறு ஆண்டு உடன் வாழ்ந்த ஒருத்தியை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை குறைவு.

தோல்வியையும் அவர் மூடவில்லை. 1921-ல் பின்னி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்தது. தொழிலாளருக்குள்ளேயே பிளவு வந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று புளியந்தோப்பில் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் பிரபு திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவேன் என்று எச்சரித்தார். கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆளுநர் மிரட்டியதை மட்டும் சொல்லிக்கொண்டால் வீரம். வேலைநிறுத்தம் தோற்றதையும், ஒற்றுமை உடைந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

முதுமையில் கண்பார்வை போயிற்று. அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். 1951-ல் வந்த நூலுக்கு "முதுமை உளறல்" என்று பெயர் வைத்தார். 1953-ல் வந்த நூலுக்குப் "படுக்கைப் பிதற்றல்" என்றும் ஒரு பெயர் வைத்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி மறைந்தார். தம் புத்தகத்துக்கு "உளறல்", "பிதற்றல்" என்று பெயர் வைக்கும் தைரியம் எந்தத் தலைவருக்கு வரும்? இன்று தலைவர்களின் பேச்சைத் தொகுத்து வெளியிடும் நூல்களுக்கு வைக்கும் பெயர்களைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தானே விளங்கும்.

மூவலூர் அம்மையார்

திரு.வி.க. பிறந்த அதே 1883-ல் பிறந்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். சொன்னால் இழக்க வேண்டியிருக்கும் என்ற சோதனையில் இவர் இன்னும் ஒரு படி மேலே நிற்கிறார்.

குழந்தையாக இருந்தபோதே வறுமையால் பெற்றோர் அவரைத் தேவதாசி வீட்டில் விட்டுவிட்டார்கள். அங்கே வளர்ந்தார். பொட்டுக் கட்டும் வாழ்க்கைக்கு இணங்காமல், தமக்குச் சங்கீதம் கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். அதன் பிறகு அவர் தம் பிறப்பு வளர்ப்பை மறைத்து வேறு ஊரில் கௌரவமாக வாழ்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள்; அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அம்மையாரோ மேடை ஏறி, நான் இந்த வீட்டில் வளர்ந்தவள், இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்ற முறையில் பேசினார். 1925-ல் மாயவரத்தில் அவர் கூட்டிய இசைவேளாளர் மாநாட்டுக்குத் திரு.வி.க.வும் பெரியார் ஈ.வெ.ரா.வும் வந்திருந்தார்கள்.

1936-ல் "தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்" என்ற நாவலை வெளியிட்டார். தமக்குத் தெரிந்த வாழ்க்கையையே அதில் கதையாக்கினார். ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அது பிடித்திருக்காது. தாசிக் குலத்தில் பிழைத்தவர்கள் சிலருக்கும் பிடிக்கவில்லை. இரண்டு பக்கமும் பகை. 1938-ல், ஐம்பத்தைந்து வயதில், இந்தி எதிர்ப்பு அணியோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார், சிறைக்கும் போனார். சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய முயற்சியும், வெளியே அம்மையார் போன்றவர்கள் செய்த பிரசாரமும் சேர்ந்து, 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. 1962-ல் அம்மையார் காலமானார்.

அவர் பெயரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. 2022-ல் அது உயர்கல்வித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். "புதுமைப் பெண்" என்று சொன்னால் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் எந்த வீட்டிலும் தெரியும். விண்ணப்பத்தில் இருக்கும் பெயருக்கு உரியவர், தம் வாழ்க்கையை ஊரறியச் சொன்னதற்காகக் கல்லடி போன்ற சொல்லடி பட்டவர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் சொல்லித் தந்தால் நன்றாயிருக்கும்.

எல்லாம் சொல்வது நேர்மையா?

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். சொந்த விஷயத்தை வெளியே கொட்டுவதெல்லாம் நேர்மை ஆகிவிடாது. கவிஞர் கண்ணதாசன் "வனவாசம்" எழுதினார். தம் பலவீனங்களை ஒளிக்காமல் எழுதினார் என்று தமிழ்நாடே வியந்தது. வியந்தது சரிதான். ஆனால் தம் குறையைச் சொன்ன வேகத்தில், தாம் விட்டு வந்த கட்சி நண்பர்களின் குறைகளையும் அவர் சேர்த்தே சொன்னார். தன் சட்டையைக் கழற்றுகிறவன் பக்கத்தில் நிற்பவன் சட்டையையும் பிடித்து இழுத்தால், பார்ப்பவர்களுக்கு எது உண்மை, எது கோபம் என்று பிரித்தறிவது கஷ்டம்.

மேடையில் கண்ணீர் விடுவதும் அப்படியே. காமிரா வந்த பிறகு கண்ணீர் மலிந்துவிட்டது. தலைவர் அழுகிறார், அது அரை மணி நேரத்தில் எல்லாக் கைபேசியிலும் வருகிறது. அவர் எதற்காக அழுதார் என்று மறுநாள் யாருக்கும் நினைவில்லை.

அப்படியானால் எதை வைத்து அடையாளம் காண்பது? சொன்னதால் கேட்டவருக்கு ஏதாவது உபயோகம் உண்டா என்று பார்க்கலாம். மகாராஷ்டிரத்துச் சரத் பவாருக்கு 2004-ல் வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் நடந்தது. புகையிலை, பாக்கு மெல்லும் பழக்கத்தால் வந்தது என்பதை அவர் பிறகு பல இடங்களில் வெளிப்படையாகப் பேசினார். அவருடைய அரசியலைப் பற்றி ஆயிரம் அபிப்பிராயம் இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் அவர் காட்டியது பிறர் தந்த காயம் அல்ல, தாமே தேடிக்கொண்டது. தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013-லேயே தடை வந்துவிட்டது. தடை என்ன செய்தது என்பதைத் தொழிற்பேட்டைச் சுவர்களின் செங்கறையைப் பார்த்தால் தெரியும். ஒரு பெரிய மனிதர் தம் தாடையைக் காட்டிப் பேசுவது, பத்து அரசாங்க விளம்பரத்துக்குச் சமம்.

நார்வே நாட்டில் நடந்தது இன்னும் துணிவானது. 1998-ம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அந்நாட்டுப் பிரதம மந்திரி பூண்டெவிக் மனச்சோர்வால் வேலை பார்க்க முடியவில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்து லீவு எடுத்தார். காய்ச்சல், ஜலதோஷம் என்று சாக்குச் சொல்லவில்லை. மூன்று வாரத்துக்குச் சற்று மேல் ஓய்வில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி அங்கேயேதான் இருந்தது! பிறகு 2001-ல் மறுபடியும் பிரதமரானார். நாலு வருஷம் ஆண்டார்.

அமெரிக்காவில் 1972-ல் வேறு விதமாக நடந்தது. உப-ஜனாதிபதி பதவிக்கு நிறுத்தப்பட்ட ஈகிள்டன், மனச்சோர்வுக்காக முன்பு ஆஸ்பத்திரியில் மின்அதிர்ச்சிச் சிகிச்சை பெற்றதைச் சொல்லாமல் இருந்தார். விஷயம் வெளிப்பட்டுவிட்டது. மூன்று வாரத்துக்குள் வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக நேர்ந்தது. நோய் ஒன்றுதான். ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார். மற்றவரைப் பற்றி மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். காலமும் நாடும் வேறு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். நார்வே ஜனங்கள் சிரிக்கவில்லை என்பதே பெரிய சங்கதி.

கவுண்ட்டரில் நிற்பவர்

"தலைவன் கலங்கினால் தொண்டன் ஓடிவிடுவான்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போர்க்களத்தில் அது சரியாக இருக்கலாம். கை கால் முடங்கிக் கிடந்ததையும், தோற்றதையும், கண்ணிழந்ததையும் சொன்ன திரு.வி.க.வை விட்டுப் பெரம்பூர்த் தொழிலாளர்கள் ஓடிப்போகவில்லை. 1947-ல், நாடு விடுதலை பெற்ற ஆண்டில், ஆலைப் போராட்டத்தின்போது அவரை வீட்டுக் காவலில் வைக்க அரசாங்கம் அவசியம் கண்டது. அறுபத்துமூன்று வயதுக் கிழவரிடம் அவ்வளவு பயம் ஏன்? ஜனங்கள் அவரை நம்பினார்கள், அதுதான் காரணம்.

இன்று மண்ணூர்பேட்டையில் இருப்பவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை. இ.எஸ்.ஐ. திட்டம் 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நோய் வந்து வேலைக்குப் போக முடியாவிட்டால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் தரும் ஏற்பாடு அதில் உண்டு. 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கவும் வழி செய்திருக்கிறார்கள். காசநோய், புற்றுநோய் மட்டும் அல்ல, கடுமையான மனநோயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி என்பதற்காக இது இல்லை என்று ஆகிவிடாது. காண்ட்ராக்டர் பேரைப் பதிந்து, பணத்தைக் கட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய சிகிச்சைக்கு அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது.

ஆனால் அந்த உதவியைப் பெற ஒரு சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு வரிசையில் நிற்க வேண்டும். என்ன வியாதி என்று கேட்டால் வாய் திறந்து சொல்ல வேண்டும். வரிசையில் அவருக்கு அடுத்தாற்போல் நிற்பவர் பெரும்பாலும் அதே கம்பெனியில், அதே ஷிப்டில் வேலை பார்ப்பவராக இருப்பார்.